கடைசி அறையில் அளந்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்

சிங்கப்பூரில் வீட்டு இணையச் சேவை வழங்கும் நிறுவனங்களின் மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் பேட்டையில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நான்கறை வீடு. வாசலுக்குப் பக்கத்தில் பாம் ஷெல்டர், அதாவது தடித்த சுவர் கொண்ட புகலிட அறை. அதை ஒட்டிய சுவரில் ஃபைபர் வந்து முடியும் வெள்ளைப் பெட்டி, அதன் கீழே காலணி அலமாரி, அலமாரிக்குள் ரவுட்டர். ஷெல்டருக்கு அந்தப் பக்கம் கடைசிப் படுக்கையறை. உயர்நிலை இரண்டில் படிக்கும் பையனின் மேசை அங்கேதான் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து கற்கும் நாளில் அவனால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. ஆசிரியர் பேசுவது பாதியில் நிற்கும்; இவன் பதில் சொன்னால் அங்கே கேட்காது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, காலணிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் படித்தான். இரவு வேலை முடித்துவரும் அம்மா கதவைத் திறந்தால் அது அவன் முதுகில் இடிக்கும்.

அந்த அம்மா உதவி எண்ணை மூன்று முறை அழைத்தார். முதல் முறை, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை, இங்கிருந்தே சோதித்துவிட்டோம், லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை, 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். 24 மாத ஒப்பந்தம். மாறினார். உங்கள் ஆள் வந்து புதிய ரவுட்டரை அதே அலமாரிக்குள் வைத்தார், அதற்குப் பக்கத்திலேயே நின்று கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சென்ற வாரம் அந்தக் கடைசி அறையில் சிக்னலை அளந்தபோது மைனஸ் 82 டிபிஎம். (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின்வரும் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்.)

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வீட்டில் இணையம் பொருத்த வரும் உங்கள் ஊழியர், கையெழுத்து வாங்குவதற்கு முன், ரவுட்டருக்கு மிகத் தொலைவிலுள்ள அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சிக்னலை அளந்து, அந்த எண்ணை வேலைச் சீட்டில் எழுதித் தரவேண்டும்.

இதற்குத் தனிக் கருவி வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் பல உண்டு. ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை இறக்கி, அமைப்புகளில் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் எண் தெரியும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் போதும். விண்டோஸ் விழுக்காட்டில் காட்டும். ஏறக்குறைய 66 விழுக்காடு என்பது மைனஸ் 67. அந்த மைனஸ் 67 இருந்தால் காணொளி வகுப்பு தடங்கலின்றி ஓடும். மைனஸ் 75-க்கும் கீழே இறங்கினால் திக்கத் தொடங்கும். 3 எண் குறைந்தால் சக்தி பாதியாகிவிடும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. 67-க்கும் 82-க்கும் 15 எண் வித்தியாசம். தேவையான சக்தியில் முப்பதில் ஒரு பங்குதான் அந்தப் பையனின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை 10 ஜிபிபிஎஸ், அதாவது 10,000 எம்பிபிஎஸ் வேகம், எப்படிச் சரிசெய்யும்? வைஃபை 6 உள்ள சாதாரணக் கைப்பேசி, ரவுட்டருக்கு எதிரிலேயே இருந்தாலும், 80 மெகாஹெர்ட்ஸ் அலைத்தட (சேனல்) அகலத்தில் 1,201 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் இணையும். கையில் கிடைப்பது அதிலும் குறைவு. பெட்டிவரை எவ்வளவு வேகம் வந்தாலும் அதற்கு அப்பால் இருப்பது ஷெல்டர் சுவர். 1997-ல் வந்த குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இந்தச் சுவர் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட், கதவு இரும்பு. அதை ஊடுருவக் குடைந்து கேபிள் கொண்டுபோகக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு புகும், 5 அதைவிடக் குறைவாகப் புகும், 6 மிகவும் திணறும். புதிய ரவுட்டரின் பெருமையாக நீங்கள் விளம்பரம் செய்யும் 6 கிகாஹெர்ட்ஸ்தான் அந்தச் சுவரிடம் முதலில் தோற்கிறது. ஆன்டெனா பெரிதாக இருந்தாலும் கதை மாறாது. ரவுட்டர் உரக்கப் பேசலாம், ஆனால் மடிக்கணினி திருப்பிச் சொல்லும் குரல் சிறியது. திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், மாணவன் பேசுவது மட்டும் ஆசிரியருக்குப் போகாது.

அந்த வீட்டை என்ன செய்து சரிப்படுத்தினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எங்களுக்கு வருத்தம் அங்கேதான்.

ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒரு வரிசை டேட்டா துளைகள் இருந்தன. அண்மை ஆண்டுகளில் கட்டிய பல பிடிஓ வீடுகளில் (முன்பதிவுக்குப் பின் வீவக கட்டித்தரும் புதிய வீடுகளில்) வரவேற்பறைக்கும் ஒவ்வொரு படுக்கையறைக்கும் சுவருக்குள்ளேயே நெட்வொர்க் கேபிள் ஓடுகிறது. வீட்டின் விலையோடு சேர்த்து அதற்கும் பணம் கட்டியாயிற்று. அறையில் கட்டிலுக்குப் பின்னாலோ அலமாரிக்குப் பின்னாலோ தொலைபேசித் துளைபோல ஒரு துளை இருக்கும். அதன் மறுமுனை இந்த வரிசையில் இருக்கும். இரண்டையும் உயிர்ப்பிக்க, ரவுட்டரின் லேன் துளையிலிருந்து அந்த வரிசைக்கு 1 மீட்டர் கேட் 6 கேபிள் ஒன்று போட்டால் போதும். சிம் லிம் ஸ்குவேரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். எந்தத் துளை எந்த அறைக்கு என்று ஒட்டியிருக்காவிட்டால், அறையில் மடிக்கணினியைச் செருகிவிட்டு இங்கே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் விளக்கு எரிவது காட்டிக்கொடுக்கும். எதிலும் எரியாவிட்டால், முனையில் கம்பிகள் சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம், அல்லது புதுப்பிப்பு வேலையில் துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

அறைப் பக்கத்தில், அக்கம்பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டினோம். அதில் ஆக்சஸ் பாயின்ட் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மூன்று காரியம்: அதன் டிஎச்சிபி-யை, அதாவது மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்தவேண்டும்; முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், அந்த ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குக் கொடுக்காத 192.168.1.2 போன்ற ஒன்றை இதற்குக் கொடுக்கவேண்டும்; சுவரிலிருந்து வரும் கேபிளை லேன் துளையில் செருகவேண்டும், இன்டர்நெட் என்று எழுதிய துளையில் அல்ல. பெரும்பாலோர் தவறுவது இந்த மூன்றாவதில். அந்தத் துளையில் செருகினால் வீட்டுக்குள் இரண்டாவது நெட்வொர்க் ஒன்று உருவாகி, பிரின்டரும் தொலைக்காட்சியும் கைப்பேசிக்குத் தெரியாமல் போகும். வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டு ரவுட்டரிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4-ல் ஒன்றை 1-ஆவது அலைத்தடத்திலும் மற்றதை 6 அல்லது 11-லும் வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தவேண்டும். அடுக்குமாடியில் மேலும் கீழும் பக்கத்திலும் இத்தனை ரவுட்டர்கள் இருக்கும்போது 40 என்று வைப்பது நமக்கும் உதவாது, அண்டை வீட்டுக்கும் தொல்லை. இரண்டின் ஒலிபரப்புச் சக்தியையும் நடுத்தரத்துக்குக் குறைத்தால், கைப்பேசி வாசல் ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்காது.

அறையில் இப்போது மைனஸ் 48. செலவு, அந்த ஒரு மீட்டர் கேபிள்.

உங்கள் ஊழியர் ரவுட்டரைச் செருகியபோது அந்தத் துளை வரிசை அவர் கைக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடிக்கவேண்டும் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நீங்கள். கடைசி அறையில் அளக்கவேண்டும் என்று அந்தக் கணக்கில் நீங்கள் எழுதியிருந்தால் அவர் மைனஸ் 82-ஐப் பார்த்திருப்பார்; பார்த்திருந்தால் அந்தத் துளையைத் தேடியிருப்பார்.

டேட்டா துளைகள் இல்லாத பழைய வீடுகளுக்கும் வழி உண்டு, உங்கள் ஊழியர்களால் அதையும் சொல்ல முடியும். ஃபைபரில் வருவதை ரவுட்டருக்கு மாற்றித் தரும் மோடம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பச்சைத் தலை ஃபைபர் கம்பியை வீட்டார் இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். ரவுட்டரை மட்டும் 15 அல்லது 20 மீட்டர் கேட் 6 கேபிளில் வரவேற்பறை நடுவுக்கு, மார்பளவு உயரத்துக்குக் கொண்டுவந்தால் பாதிக் குறை தீரும். கேபிளைச் சுவரோரம் ஒட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் விடலாம். கதவிடுக்கில் நசுங்க விடக் கூடாது. ஜிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடலாம், காரணம் தெரியாமல் வீட்டார் உங்களைத்தான் அழைப்பார்கள்.

மாத வாடகைக்கு நீங்கள் தரும், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் மெஷ் பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சிக்னல் செத்த அறையிலேயே அதை வைத்தால், அது செத்த சிக்னலையே திருப்பிச் சொல்லும். வைக்கவேண்டிய இடம் பாதி வழியில், ரவுட்டரிலிருந்து மைனஸ் 65 அளவாவது வரும் நடைவழி மூலையில். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் பெட்டியானால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஷெல்டர் இருந்தால் விலையுயர்ந்த மெஷ்ஷும் கேபிள் கேட்கும். இதைச் சொல்லாமல் மாதாமாதம் பணம் வாங்குவது சரியா என்று உங்களையே கேட்கிறோம்.

நீங்கள் தரும் ரவுட்டர்கள் சிலவற்றில் அலைத்தடத்தை மாற்ற வழியே இல்லை. செயலியில் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் மாற்றலாம். 2.4, 5 இரண்டையும் பிரிக்க முடியாது. வாடகைக்கு வந்த பொருளானாலும் அது எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. உதவி எண்ணை அழைக்கும் முதியவர்கள் தமிழில் கேட்டால் ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், முதல் கேள்வி ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதுதான். நாடு முழுவதும் 10 ஜிபிபிஎஸ் வருவதற்கு 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் ஃபைபர் பெட்டிவரை ஒருவர் பொறுப்பு, மோடம்வரை இன்னொருவர் பொறுப்பு, சுவர் வேறொருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டபின், மோடத்திலிருந்து பிள்ளையின் மேசைவரை உள்ள எட்டு மீட்டருக்கு யாருமே பொறுப்பில்லை. குறைந்த வருமானக் குடும்பங்கள் டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் திட்டத்தில் சலுகை விலையில் இணையம் பெறுகின்றன. அந்த வீடுகளிலும் அந்த எட்டு மீட்டர் அப்படியேதான் கிடக்கிறது. மெஷ் வாங்க அவர்களிடம் பணம் இல்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். உங்கள் வேலைச் சீட்டில் வாடிக்கையாளர் கையெழுத்துக்கு மேலே மூன்று வரி சேர்த்துத் தாருங்கள்:

கடைசி அறையில், கதவு சாத்திய நிலையில் சிக்னல்: மைனஸ் ____ டிபிஎம்.
வீட்டில் டேட்டா துளைகள் உண்டா, இணைத்துக் காட்டப்பட்டதா?
மைனஸ் 70-க்கும் கீழே இருந்தால், வீட்டாருக்குச் சொன்ன வழி என்ன?

மூன்றும் உடனே முடியாதென்றால், முதல் வரியை மட்டுமாவது அடுத்த பள்ளித் தவணை தொடங்கும்முன் சேர்த்துவிடுங்கள். வரிசையில் எத்தனையாவது துளை எந்த அறைக்குப் போகிறது என்று பார்த்து எழுதும் வேலைக்கு, உங்கள் ஊழியர்கள் விரும்பினால், எங்கள் புளோக்கில் கூட நின்று உதவ நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பேட்டைவாசிகள் சிலர்