மூடியைத் தொறக்காம இருந்த மூணு நாள்

அன்பு தோழிக்கு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போட லேட்டானதுக்கு காரணம் வீட்ல இருக்கற 16 கோழிக்குஞ்சுங்கதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கம்பு இல்லாம நடக்கறாங்கன்னு எழுதியிருந்தியே, அதை ரெண்டு தடவ படிச்சேன் டீ, அவங்க கையப் புடிச்சுக்கிட்டு கூடவே ஒரு சுத்து நடந்துட்டு வரணும்போல இருந்துச்சு. நான் கேட்டேன்னு சொல்லு.

முட்டை பொரிக்கற மெஷின், அதான் இன்குபேட்டர், வாங்கலாமா வேணாமான்னு கேட்டிருந்தே. வாங்கு. ஆனா மொத தடவ எனக்கு என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கு, அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

அப்ப 12 முட்டை வெச்சிருந்தேன். 20ஆவது நாள் ராத்திரி ஒரு முட்டையில சின்னதா ஓட்டை விழுந்துச்சு, விடியுற வரைக்கும் அந்த ஓட்டை பெருசாகவே இல்ல, உள்ள மாட்டிக்கிச்சுன்னு பயந்துபோய் மூடியைத் தொறந்து நகத்தால முட்டை ஓட்டை உரிச்சேன். ரத்தம் வந்துச்சு. கையிலயே போயிடுச்சு டீ. அதோட விடல, நான் மூடியைத் தொறந்து வெச்சிருந்த நேரத்துல ஈரக்காத்தெல்லாம் வெளிய போயிடுச்சு, ஓட்டை போட்டிருந்த இன்னும் ரெண்டு முட்டையில உள்தோல் காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கிச்சு, அதுங்களால திரும்பவே முடியல. கடைசியில தேறினது மூணே மூணு.

அப்புறம்தான் உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். ஓட்டை போட்ட குஞ்சு சும்மா கெடக்கறதில்லையாம். அப்பதான் மொத மொதலா வெளிக்காத்தை நுரையீரலால இழுக்குது, உள்தோல்ல இருக்கற நரம்புல ஓடுற ரத்தமெல்லாம் உடம்புக்குள்ள திரும்பிப் போகுது, மிச்சமிருக்கற மஞ்சக்கருவைத் தொப்புள் வழியா வயித்துக்குள்ள இழுத்துக்குது. இதுக்கெல்லாம் அரை நாளாகும், சிலதுக்கு ஒரு முழு நாளே ஆகும். அந்த வேலை முடியறதுக்குள்ள நான் உரிச்சேன், அதான் ரத்தம்.

இந்தத் தடவ 24. எல்லாமே இட்டு ஒரு வாரத்துக்குள்ள இருந்த முட்டை. முட்டை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பூரா மெஷினை காலியா ஓட்டி, தனியா ஒரு தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தேன், மெஷின் காட்டறதுக்கும் இதுக்கும் அரை டிகிரி வித்தியாசம். ஃபேன் வெச்ச மெஷினுக்கு 37.5 டிகிரி, அரை டிகிரிதானேன்னு நெனைக்காதே, 21 நாளும் அப்படியே ஓடும்ல, நீயும் கண்டிப்பா செக் பண்ணிக்கோ. ஈரப்பதம் 50 சதவீதம் பக்கத்துல. முட்டைக்கு ஒரு பக்கம் பென்சில்ல பெருக்கல் குறி போட்டு தினம் மூணு தடவ திருப்பினேன், அடைக்கோழி அலகால உருட்டி விடுமே, அதே வேலைதான், திருப்பலன்னா கரு ஓட்டோட ஒட்டிக்கும். 7ஆவது நாள் ரூமை இருட்டாக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா சிலந்தி கால் மாதிரி செவப்பு நரம்பு, நடுவுல ஒரு கருப்புப் புள்ளி, அது அசையுது டீ! நாலுல ஒண்ணுமே இல்ல, கூமுட்டை. இன்னொண்ணுல வெறும் ரத்த வளையம், கரு நின்னுபோச்சு. அஞ்சையும் எடுத்துட்டேன்.

18ஆவது நாள் திருப்பறதை நிறுத்திட்டு, தண்ணி ஊத்தி ஈரப்பதத்தை 65க்கு மேல ஏத்தி, மூடியை மூடினேன். அதுக்கப்புறம் தொறக்கவே இல்ல. 20ஆவது நாள் ராத்திரி ஓட்டை விழறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ளேர்ந்து கீச் கீச்சுன்னு சத்தம், ஒண்ணு கத்துனா இன்னொண்ணு பதில் சொல்லுது. நான் பக்கத்துல சேர் போட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், மறுநாள் ஒண்ணு 18 மணி நேரம் ஓட்டையோட அப்படியே இருந்துச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஆனா தொடல. அதுவே சுத்தி வந்து ஓட்டைக் கொத்தி, தொப்பியைக் கழட்டற மாதிரி தள்ளிட்டு வெளிய வந்து விழுந்துச்சு. மொத்தம் 16. மூணு மட்டும் வரல.

நனைஞ்சு கெடக்கறதைப் பாத்து உடனே எடுத்துடாதே, பஞ்சு மாதிரி காயற வரைக்கும் மெஷின்லயே இருக்கட்டும். பசிக்குமேன்னு பதறவும் வேணாம், உள்ள இழுத்துக்கிட்ட மஞ்சக்கரு ரெண்டு நாளைக்குத் தாங்கும்.

புரூடருக்கு, அதான் குஞ்சுங்களைச் சூடா வெச்சு வளக்கற பெட்டிக்கு, வந்துட்டா எல்லாம் தலைகீழ், அங்க பாத்துக்கிட்டே இருக்கணும். பெரிய அட்டைப் பெட்டி, ஒரு ஓரத்துல மட்டும் பல்பு, மறு ஓரம் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும். மொத வாரம் பல்புக்குக் கீழ 35 டிகிரி, வாரா வாரம் மூணு மூணு டிகிரியா கொறைக்கணும், நான் பல்பைக் கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கிக் கட்டறேன். பல்பை ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாதே, சங்கிலி போட்டுக் கட்டு, விழுந்தா தீப்பிடிச்சுடும். தெர்மாமீட்டரைவிட குஞ்சுங்களையே பாரு. பல்புக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணா அப்பிக்கிட்டு கத்துனா குளிருது, ஓரமா ஒதுங்கி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா சூடு ஜாஸ்தி, அங்கங்க பரவிக் கெடந்து மேஞ்சா சரியா இருக்குன்னு அர்த்தம்.

பெட்டிக்குள்ள விடும்போது ஒவ்வொண்ணோட அலகையும் தண்ணியில லேசா முக்கி எடு, அப்பதான் குடிக்கப் பழகும். தண்ணித் தட்டுல கூழாங்கல்லு போட்டு வை, இல்லன்னா உள்ள விழுந்து மூழ்கிடும். தரைக்கு வெறும் நியூஸ் பேப்பர் வேணாம், நான் அதைத்தான் போட்டேன், வழுக்கி வழுக்கி ஒரு குஞ்சுக்குக் கால் ரெண்டும் விரிஞ்சுபோச்சு. உடனே சொரசொரப்பான துணியை விரிச்சு, ரெண்டு காலையும் மெல்லிசு டேப்பால கொஞ்சம் இடைவெளி விட்டு சேத்துக் கட்டினேன், மூணாம் நாள் நேரா நின்னுடுச்சு. பின்பக்கம் எச்சம் காஞ்சு அடைச்சிருக்கான்னும் தினம் பாரு, இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சு நனைச்சு ஊறவெச்சுத் தொடை, இழுத்துப் பிய்க்காதே.

இப்ப ரெக்கை மொளைக்குது எல்லாத்துக்கும். அந்தக் கால் விரிஞ்ச குஞ்சுதான் தட்டுகிட்ட மொதல்ல ஓடி வருது.

நீ எப்ப முட்டை வெச்சாலும் தேதியை எழுது, நானும் இங்க குறிச்சு வெச்சுக்கறேன். 18ஆவது நாள் ராத்திரி போன் பண்ணு, மூடிகிட்ட கை போகாம இருக்க பேசிக்கிட்டே இருப்போம்.

உன் பழைய பெஞ்ச் தோழி