ஞாயிறு சந்திப்பு: சோபோலெவ் வெளிக்கு முன் ஒரு கணக்கு

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் சோபோலெவ் வெளிகளை, அதாவது சாதாரண வகைக்கெழு இல்லாவிட்டாலும் பலவீனமான பொருளில் வகைக்கெழு உள்ள சார்புகளின் வெளிகளை, தொடங்குகிறோம். தேற்றங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கணக்கைத் தாளில் போட்டுவிட்டு வாருங்கள்.

எக்ஸின் மட்டு மதிப்பை ஒரு டெஸ்ட் ஃபங்ஷனின் (முனைகளுக்கு அருகே 0 ஆகிவிடும், எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடக்கூடிய சார்பு) வகைக்கெழுவோடு பெருக்கி, −1 முதல் 1 வரை தொகையிடுங்கள். 0வில் இரண்டாகப் பிரித்துப் பகுதித் தொகையிடல் செய்தால், இடப்பக்கம் −1, வலப்பக்கம் +1 என்று வீக் டெரிவேட்டிவ் (பகுதித் தொகையிடல் வழியே வரையறுக்கும் வகைக்கெழு) கிடைத்துவிடும். 0வில் உள்ள கூர்முனை தொந்தரவே தராது. அப்புறம் அதையே இன்னொரு முறை வகையிட்டுப் பாருங்கள். இந்தத் தடவை 0வில் டிராக் டெல்டாவின் (முழு எடையும் ஒரே புள்ளியில் குவிந்தது) 2 மடங்கு வந்து நிற்கும். அது சார்பே அல்ல. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி அத்தியாயம் முடிந்த மாதிரி.

மெஷர் தியரி (நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் கோட்பாடு) மறந்திருந்தால் தயங்காமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சனிக்கிழமை அரை மணி நேரம் சேர்ந்து உட்காரலாம்.