‘ஆய்வகத்துக்கு அனுப்பப்படும்’ என்ற ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுவிபத்து நடந்தால் என்ன செய்வது என்று சென்ற இதழில் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். சன்னலை ஏன் மூட வேண்டும், அயோடின் மாத்திரையை எப்போது போட வேண்டும் எல்லாம் இருந்தது. பயனுள்ள விஷயங்கள்தான். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: “பாதிக்கப்பட்டோரின் மாதிரிகள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு முடிவுகள் பெறப்படும்.” அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 31 வருடம் அப்படியோர் ஆய்வகத்துக்குள் நின்றவன் நான். எங்களுக்குக் கிடைத்தது ஆறு சொல்.

எந்த ஆய்வகம்? எத்தனை மாதிரி? எத்தனை நாளில்?

தாங்கள் அறியாததல்ல. உடம்பின்மேல் ஒட்டிய கதிரியக்கத் தூசியைக் கைக்கருவியால் கண்டுபிடித்துவிடலாம். உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளித்தால் பெரும்பகுதி போய்விடும். மூச்சிலும் சாப்பாட்டிலும் உள்ளே போனது வேறு. கதிரியக்கச் சீசியம் என்றால், முழு உடல் கவுண்டர் என்ற கதிர் அளக்கும் கருவியில் ஆளை உட்கார வைத்துப் பார்க்கலாம், அதன் காமாக் கதிர் வெளியே வரும். புளூட்டோனியம், பொலோனியம் விடும் ஆல்ஃபாக் கதிர் தோலைத் தாண்டாது. சிறுநீரைப் பிடித்து, வேதிமுறையில் பிரித்து, கதிர்களை எண்ணும் கருவியான எண்ணியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு மாதிரிக்கே நாள்கணக்கில் ஆகும். 2006-ல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி லிட்வினென்கோ மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உள்ளே இருப்பது பொலோனியம்-210 என்று உறுதியானது உயிர் போவதற்குச் சில மணி நேரம் முன்புதான். அப்புறம் அவர் போய்வந்த இடங்களில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். ஒரே ஓர் ஆளுக்கு வைத்த விஷம் அது.

பிரேசிலின் கொயானியாவில் 1987-ல் கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் வெளியே வந்தது. சோதனைக்கு வந்து நின்றவர்கள் சுமார் 1,12,000 பேர். மாசு பட்டிருந்தவர்கள் 249. மீதிப் பேருக்கு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லவும் கருவியும் ஆளும் வேண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்க்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதானே!

நான் ஒரு அணுவிபத்து ஒத்திகையில் இருந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கே பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிவிட்டுக் காத்திருந்தோம். வெளியே சைரன், ஆம்புலன்ஸ், வெள்ளை உடுப்பு, கேமரா. மத்தியானம் போன் வந்தது. “நாற்பது மாதிரி வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள், ரிசல்ட் கிடைத்ததாக நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.” ஒரு பாட்டில்கூட வரவில்லை. ஒத்திகை வெற்றி என்று அறிக்கை வந்தது. எங்களிடம் இருந்த எண்ணிகளை வைத்து நானே கணக்குப் போட்டேன். நாற்பதை முடிக்க ஐந்து வாரம். எழுதியும் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

எங்கள் பிரிவில் புளூட்டோனியம் பிரிப்பதில் கை பழகியவர் ஒரே ஓர் அக்கா. அவர் ஓய்வு பெற்றபோது வழியனுப்பு விழா நடத்தினார்கள், அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. புத்தகத்தைப் பார்த்து அவசரத்தில் செய்துவிடுகிற வேலையா அது? காலிபரேஷன், அதாவது அளவு சரிபார்ப்புத் தேதி தாண்டிய கருவி ஒன்று எட்டு மாதம் துணி மூடிக் கிடந்தது. சீசியத்தை வெளியேற்ற பிரஷ்யன் ப்ளூ, புளூட்டோனியத்துக்கு டி.டி.பி.ஏ. என்று மருந்துகள் இருக்கின்றன. உள்ளே போனது எது, எவ்வளவு என்று நாங்கள் சொல்லாவிட்டால் டாக்டர் எதை எத்தனை நாள் கொடுப்பார்?

தள்ளிப்போடவும் முடியாது. தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். ஜப்பானில் ஃபுகுஷிமா அணுவிபத்துக்குப் பின் 2011 மார்ச் கடைசியில் தைராய்டை அளந்து பார்த்த குழந்தைகள் 1,080 பேர்தான். அளக்காமல் விட்ட குழந்தைகளுக்கு எவ்வளவு போனது என்று இனி யாரும் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

இதைப்பற்றி முன்பே உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அச்சில் வரவில்லை. இன்னொன்றில் ‘சிறுநீர்’ என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் ‘உடல் திரவம்’ என்று மாற்றியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது. 24 மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மக்களுக்கு வேறு எப்படிச் சொல்வது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை உங்கள் நிருபர் இதுபற்றி அதிகாரிகளைப் பார்க்கும்போது, வாரத்துக்கு எத்தனை மாதிரிகளைச் சோதிக்க முடியும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே அச்சிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால், தயவுசெய்து சிறுநீர் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்