திருமஞ்சனக் கிணறும் வெளிப்பிரகாரமும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இறையருளாலும் உபயதாரர்கள் தயவாலும் திருமஞ்சனக் கிணறு, வெளிப்பிரகாரத் தளம், மடைப்பள்ளி வடிகால் ஆகிய மூன்று வேலைகளும் முடிந்தன. தளமும் வடிகாலும் திட்டப்படியே நடந்தன, சொல்ல அதிகமில்லை. கிணறுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

ஒரு காலத்தில் நம் கோயில் வாசலில் அலைச்சத்தம் கேட்கும். 1966ல் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி தொடங்கிய பிறகு கரை தள்ளிப் போனது. கரை தள்ளிப்போனால் நிலத்தடி உப்பும் தள்ளிப்போக வேண்டும் இல்லையா? நமக்கு நேர்மாறாக நடந்தது. அர்ச்சகர் ஒருநாள் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்து, "குழம்புக்கு உப்பே போட வேண்டாம்" என்றார்.

தப்பு நம் மேல்தான். முன்பு ஒரு ஒப்பந்ததாரர் பேச்சைக் கேட்டுக் கிணற்றை ஆழப்படுத்திப் பெரிய மோட்டார் வைத்தோம். கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிலோ. இந்தச் சின்ன எடை வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு நாளடைவில் 4 மீட்டர் ஏறும்.

சந்தேகம் தீர, உப்பளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மேலே இரண்டு முழம் வரை முள் அசையவில்லை. அப்புறம் சட்டென்று எகிறியது. இன்னும் தோண்டலாம் என்று செயற்குழுவில் வாதிட்டவர்கள் அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

ஆகவே, தோண்டிய அடிப்பகுதியைக் களிமண்ணால் நிரப்பி அடைத்தோம். மோட்டாரைக் கழற்றி, மேல் தண்ணீரை மட்டும் மெல்ல எடுக்கும் சின்னப் பம்பு வைத்தோம். மண்டபக் கூரை மழைநீர் மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றில் இறங்குகிறது. பிரகாரம் முழுக்கச் சிமெண்டு போட்டிருந்ததால் மண்ணுக்குள் மழையே போகாமல் இருந்தது. இப்போது இடைவெளி விட்டுக் கல் பாவியிருக்கிறோம்.

"கடல் ஏறுகிறதே, மதிலை உயர்த்தினால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். கரிம வெளியேற்றம் குறையாவிட்டால் 2100க்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என 2024ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. கடல் ஏறினால் நிலத்தடி நீரும் சேர்ந்து ஏறும். அது மதிலைத் தாண்டி வராது, தரைக்கடியிலிருந்து வரும். தண்ணீர் ஏற இடமில்லாத தாழ்வான நிலத்தில் உப்பு இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். தெற்குத் தூண்களின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைப் பார்த்திருப்பீர்கள். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், காரை பிளக்கும். அதனால் தூண்களுக்கு ஈரத்தடுப்புப் பூச்சும் கொடுத்தோம். முதல் மதிப்பீட்டில் இல்லாத செலவு இது ஒன்றுதான்.

தணிக்கை செய்த கணக்கு ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஓதம் (நீரேற்றம்) அதிகமாக ஏறும் என்பதால், அந்நாட்களில் பூஜை முடிந்ததும் கிணற்று மட்டமும் உப்பும் அளந்து நோட்டில் எழுதுகிறோம். இதற்கு இரண்டு தொண்டர்கள் தேவை. பழைய மோட்டார் ஸ்டோரில் கிடக்கிறது, வேண்டுவோர் செயலாளரிடம் கேட்கலாம். கிணற்றுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஆலய மேலாண்மைக் குழு