தலைவர் யாரென்று கேட்டார்கள்

அன்புள்ள மாப்ள,

உன் குரல் செய்திகளை எல்லாம் கேட்டேன். எண்ணெய் அனுப்ப வேண்டாம், இங்கே பம்பாயில் மாட்டுங்காவிலேயே கிடைக்கிறது. நீ முக்கியமாகக் கேட்டது அக்கா மகளைப் பற்றி. போனில் பேசப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

பாப்பா எங்கள் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. சயான் கோலிவாடாவில் ஒரு மாடி வீட்டை ஆறு பேராகச் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு, ஒரு மலையாளிப் பையன், மீதிப் பேர் மராத்தி. ஆளுக்கு முடிந்த பணத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போடுகிறார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைப்பதில்லை. சமையல், கழுவுதல், பெருக்குதல் எல்லாம் முறை வைத்து. எவனாவது போடாமலே தின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தின்னட்டும் மாமா, ரெண்டு மாசம் தின்பான், மூணாவது மாசம் அவனே பாத்திரம் கழுவ வந்துடுவான்" என்கிறாள். அனார்க்கிஸ்ட், அதாவது அரசும் தலைவரும் இல்லாமல் கூடி வாழலாம் என்பவர்கள், என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். குண்டு போடுகிற கூட்டம் என்று அக்கா பயந்துவிட்டாள். இவர்கள் செய்வதெல்லாம், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, குடிசையை இடிக்க நோட்டீஸ் வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, ஜேசிபி வந்தால் முன்னால் போய் நிற்பது.

அப்படிப் போய் நின்றதுதான் வினை. அதற்கு அடுத்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் மஃப்டியில். வாடகைக்கு இருப்பவர்களின் விவரம் சரிபார்க்க வந்ததாகச் சொன்னார்களாம். சரி, அது இந்த ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான், வீட்டுக்காரர் ஸ்டேஷனில் கொடுத்தாக வேண்டும். ஆனால் மஃப்டிக்காரர் நேராக அடுப்படிக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த சமையல் முறைத்தாளைப் போட்டோ எடுத்திருக்கிறார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பெயரின் முதலெழுத்து மட்டும் எழுதி, பக்கத்தில் "சாம்பார்", "ஜாடு" (பெருக்குகிற முறை) என்று இருக்கும். இது என்ன ரகசியக் கோட் என்று கேட்டாராம்! அப்புறம் தலைவர் யார் என்றார். யாரும் இல்லை. செயலாளர்? இல்லை. பொருளாளர்? பாப்பா டின்னைக் காட்டியிருக்கிறாள், வாய்க்கொழுப்பு. கடைசியில் பதினோரு மாச அக்ரிமென்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் யார் கையெழுத்து இருந்ததோ அந்த மலையாளிப் பையன் பெயரைத் தலைவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் அன்று இரவு சாப்பிடவில்லை.

இதைத்தான் மாப்ள நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தலைவர் இல்லை என்பது இவர்களுக்குக் கொள்கை, போலீசுக்கு அது நிரப்பாமல் விட்ட கட்டம், எவன் பெயரையாவது அதில் போட்டால்தான் அவர்களுக்கு வேலை ஓடும். பிரான்சில் டார்னாக் என்று ஒரு சின்ன ஊர். பிள்ளைகள் சிலர் அங்கே பண்ணை வைத்து, ஊர் மளிகைக் கடையையும் எடுத்து நடத்திக்கொண்டு கூட்டாக இருந்தார்கள். 2008 நவம்பரில் அதிவேக ரயில்களின் மின்கம்பியில் யாரோ கொக்கி மாட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, 100-க்கும் மேற்பட்ட ரயில்கள் தாமதம், அவ்வளவுதான். நவம்பர் 11 விடியற்காலை பெரிய படையே ஊருக்குள் புகுந்தது. வழக்கு பயங்கரவாதச் சட்டத்தில். கைப்பேசி வைத்துக்கொள்ளாததும் சந்தேகத்துக்குக் காரணமாம்! ஜூலியன் கூபா என்பவரைத் தலைவர் ஆக்கி 2009 மே மாசக் கடைசி வரை உள்ளே வைத்திருந்தார்கள். 2018 ஏப்ரலில்தான் நாசவேலை செய்யவில்லை என்று விடுதலை, டார்னாக் குழு என்பதே ஒரு கற்பனை என்று நீதிபதி சொன்னார். பத்து வருஷம் போச்சு. கைது நடந்த உடனே ஊர்க்காரர்கள் இவர்களுக்காக ஒரு குழு அமைத்தார்களே, அதுதான் என் மனதில் நின்றது. மளிகைக் கடை நடத்தியதன் பலன் என்பேன் நான்.

ஸ்பெயினில், பார்சலோனாவில் 2014 டிசம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. கூட்டாக இருந்த வீடுகளில் சோதனை போட்டுப் பதினோரு பேரைப் பிடித்து, ஏழு பேரை உள்ளே வைக்க நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று, பாதுகாப்பு அதிகமான ஒரு மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது.

இங்கே வேறு மாதிரி. மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் 2025 ஜூலையில் பொதுப் பாதுகாப்பு மசோதா நிறைவேறியதே, அதில் ஓர் அமைப்பைச் சட்டவிரோதம் என்று அரசு அறிவித்துவிட்டால் உறுப்பினருக்கும் தண்டனை, பணம் கொடுத்தவருக்கும் தண்டனை, சட்டவிரோதச் செயல் செய்தார் என்றால் ஏழு வருஷம் வரை போகும். பெயரே இல்லாத அமைப்பை எப்படி அறிவிப்பீர்கள் என்று பாப்பா சிரிக்கிறாள். பெயரையும் அவர்களே வைத்துவிடுவார்கள் தாயி என்றேன். அக்காவுக்குச் சட்டம் எல்லாம் தெரியாது. பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி நம் திருச்சிப் பக்கத்து மனுஷன், பயங்கரவாதச் சட்டத்தில் கைதாகி நடுக்க நோயோடு தலோஜா ஜெயிலில் உறிஞ்சிக் குடிக்கிற கப்புக்காகக் கோர்ட்டுக்குப் போனார், 2021 ஜூலையில் விசாரணைக் கைதியாகவே இந்த ஊரில்தான் இறந்தார். அவள் அதை மட்டும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவருக்கும் இவர்கள் கொள்கைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் ஒரு தாய்க்கு அது பதிலா?

நடுவில் ஒன்று. அந்த வீட்டு ஹாலில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கிறது, எம்.பி.டி. ஆச்சாரியா. மெட்ராஸில் 1887-இல் பிறந்தவர், பாண்டிச்சேரியில் பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர், 1920-இல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு அதையும் உதறி அனார்க்கிஸ்ட் ஆகி, 1935-இல் பம்பாய் வந்து, ஓவியரான மனைவி மக்தா 1951-இல் இறந்த பிறகு வறுமையில் கிடந்து 1954-இல் இங்கேயே செத்தார். இத்தனை வருஷம் இந்த ஊரில் சோறு தின்கிறேன், இந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். மஃப்டிக்காரர் அவரையும் யார் என்று கேட்டிருக்கிறார். தாத்தா என்று சொல்லிவிட்டார்களாம்.

போலீஸ் திரும்ப வரவில்லை, சொசைட்டி செக்ரட்டரி வந்துவிட்டார். யார் யாரோ வந்து போகிறார்கள், செருப்பு நிறையக் கிடக்கிறது என்று புகார். வீட்டுக்காரர் மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார், டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார் என்று தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மா மட்டும் சண்டைக்கு நின்றிருக்கிறார், அவர் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது இவர்கள்தான். பேச்செல்லாம் ரகசியமாக வைத்து, வெளியாள் யாரையும் சேர்க்காமல் இருப்பதைவிட, மாடிக்கு மாடி இந்த மாதிரி ஓர் அம்மாவைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பாப்பா தலையாட்டினாள், கேட்பாளா தெரியாது.

இப்போது உன்னிடம் வேலை. கோர்ட்டில் இத்தனை வருஷம் இருந்தவன் நீ. சாட்சியாக விசாரிக்கப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 179-ஆம் பிரிவில் இருக்கிறது அல்லவா? ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்று பாப்பாவுக்குப் போன் மட்டும் வந்திருக்கிறது, எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டால் போதுமா, வக்கீல் கூடப் போக வேண்டுமா, சொல். அப்புறம் செம்பூரில் உன் சம்பந்தி வீட்டு மாடி காலியாக இருந்ததே, அதை விட்டுவிட்டார்களா? அக்ரிமென்ட் இந்த முறை என் பெயரில் போட்டுக்கொள்ளலாம், எனக்கு அறுபத்து மூணு ஆச்சு, தலைவராக இருந்துவிட்டுப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் பாம்பேக்காரன்