குண்டூசி போட்ட பக்கங்கள்

அன்புள்ள செல்வத்துக்கு,

மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். காவேரிப்பட்டணத்தில் காய்ப்பு எப்படி? பெங்களூரா மாங்காய் டன் என்ன விலைக்குப் போகிறது? கூழ் ஃபேக்டரிக்காரர்கள் ஒழுங்காக எடுக்கிறார்களா?

நீ அனுப்பிய நாவல் வந்தது. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற என் புத்தி தெரிந்து, முடிவுப் பக்கங்களைச் சுற்றிக் குண்டூசி குத்தி அனுப்பியிருக்கிறாயே! கொலைகாரன் யார் என்று பள்ளிக்கூட நாளில் நான் உளறியதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

கதை நல்ல வேகம். நடுவில் அந்த இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டே இருப்பதைக் குறைத்திருக்கலாம். ஆனால் மலை ரோட்டு அத்தியாயம் இருக்கிறதே! ராத்திரி, தனியாக பைக், பின்னால் ஒரு லாரி வெளிச்சம். இவன் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வருகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். கால் வலிக்கிறதா என்று வீட்டுக்காரி எழுந்து வந்து கேட்டாள்.

போனில் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. தொப்பூர் கணவாயில் எனக்குப் பின்னாலும் அப்படித்தான் ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. இரட்டைப் பாலத்துக்கு முன்னால், மணலில் வண்டி வழுக்கி நடுரோட்டில் கிடக்கிறேன். லாரி என்மேல் ஏறப்போகிறது என்றே நினைத்தேன். நின்றுவிட்டது. அந்த இறக்கத்தில் லோடு லாரியை நிறுத்துவது லேசு இல்லை, உனக்கே தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனை லாரி அங்கே மோதியிருக்கிறது! இந்த மனுஷன் சின்ன கியரில் இறங்கிக்கொண்டிருந்ததால் நான் பிழைத்தேன்.

கிளீனர் பையன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று இலைக்கொப்பை ஒடித்து ரோட்டில் போட்டான். டிரைவர் தன் துண்டை அவிழ்த்து என் காலில் இறுக்கிக் கட்டினார். 108 வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, "தூங்கிடாதீங்கண்ணா, பேசிக்கிட்டே இருங்க" என்றார். நானும் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? "என் செருப்பு எங்கே?" மூன்று தடவை கேட்டேன். அவரும் டார்ச் அடித்துத் தேடி எடுத்து வந்து ஸ்டிரெச்சரில் வைத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. பேர் கேட்கவில்லை, வண்டி நம்பர் பார்க்கவில்லை. நெல்லிக்கனி கொடுத்த நம் ஊர் அதியமானுக்கு ஔவையார் பாட்டே பாடினார். நான் செருப்பைக் கேட்டிருக்கிறேன்.

லாரிக்காரர்களை ஹாரனுக்காகவும் ஹெட்லைட்டுக்காகவும் இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டே அந்த ரோட்டில் போய்வந்தவன் நான். அதையும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

துண்டைத் துவைத்து வைத்திருக்கிறோம். பச்சைக் கரை. கறை முழுசாகப் போகவில்லை, ஓரத்தில் பீடி நெருப்பு பட்ட ஓட்டை ஒன்று.

குண்டூசியை நேற்று ராத்திரிதான் கழற்றினேன். கடைசியில் அந்த லாரி டிரைவர்தான் கொலைகாரனாம்! எல்லா முடிச்சும் சரியாகத்தான் அவிழ்கிறது. எனக்கு மட்டும் ஒப்பவில்லை, போ.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் நீ காரோடு வா. டோல்கேட் பக்கம் லாரிகள் நிற்கிற டீக்கடைகளில் துண்டைக் காட்டி விசாரித்துப் பார்க்கலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வரும்போது நாலு கிளிமூக்கு மாங்காய் கொண்டு வா, உப்பு மிளகாய்த்தூள் இங்கே இருக்கிறது.

அன்புடன்,
முருகேசன்
தருமபுரி