ஃபில்டரைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் வேலை என்னிடம் வந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது தேவலை, நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்தாள்.

புனேயில் காபி ஃபில்டரில் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது, இன்ஸ்டன்ட்டுக்கு மாறிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கும் போன மழைக்காலத்தில் இதே தொல்லைதான். ராத்திரி போட்டு வைத்தால் காலையில் பாதித் தண்ணீர் மேலேயே நிற்கும், தூள் சரியில்லை என்று மாம்பலத்தில் கடை கடையாக மாற்றி வாங்கிப் பார்த்தேன். அம்மாதான் மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். பாதி ஓட்டைகளில் வெளிச்சமே வரவில்லை! காபியின் எண்ணெயும் நைஸ் தூளும் சேர்ந்து அடைத்திருக்கிறது. எவர்சில்வர்தானே என்று வெறும் பாத்திரத்தை கேஸ் தீயில் காட்டினேன், புகைந்து கருகியது, ஆறவிட்டுத் தேய்த்துக் கழுவியதும் அத்தனை ஓட்டையும் பளிச்சென்று தெரிந்தது. உன்னுடையது ஈயம் பூசிய பித்தளை என்றால் தீயில் காட்டிவிடாதே, வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் குத்தி எடு.

தூளுக்கு நான் பீபரி, பிளாண்டேஷன் ஏ என்ற ரெண்டு வகைக் காபிக்கொட்டையும் சரிபாதி போடச் சொல்கிறேன், 85 பங்கு காபிக்கு 15 பங்கு சிக்கரி. சிக்கரியே வேண்டாம் என்கிறாய், அதில் காஃபின் துளியும் கிடையாது, ஆனால் டிகாஷன் கள்ளிச்சொட்டாக நிற்பது அதனால்தான், பால் விட்டாலும் ருசி அமுங்கிப் போகாது. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் அரைக்காதே, வாசனை போய்விடும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் விட்டு ஊற்று. ஃபில்டருக்குள் தூள் மேல் வைக்கும் குடையால் தூளை இறுக்கி அமுக்காதே, சமமாக இருந்தால் போதும். அப்புறம், பால் ஒரே கொதியில் இறங்க வேண்டும், டிகாஷனை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அடுப்பில் ஏற்றிச் சுடவைக்காதே, கசந்துவிடும்.

உன் பிரஷர் எப்படி இருக்கிறது? டிசம்பர் கச்சேரிக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? வரும்போது அந்த ஃபில்டரையும் பையில் போட்டு எடுத்து வா, ரெண்டு பேருமாக ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிடலாம்.